எல்லோரும் அதிகாரி என்றால் வால்வைத் திருப்புவது யார்?

விண்வெளிக் கதை எழுத வந்திருக்கும் இளம் தமிழ் எழுத்தாளர்களுக்கு,

கடற்படைக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்து, சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றவன் நான். பெயரில் ஆபீசர் இருந்தாலும் அது மாலுமிகளின் மூத்த பதவி. ஓய்வுக்குப் பிறகு எனக்கு இரண்டு பொழுதுபோக்குகள். ஒன்று, ஸ்டார் ட்ரெக் தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இன்னொன்று, நீங்கள் எழுதும் கதைகளைத் தேடிப் படிப்பது. உங்கள் கற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் உங்கள் கப்பலில் ஏறிப் பார்த்தால் கேப்டன் இருக்கிறார், துணைக் கேப்டன் இருக்கிறார், விஞ்ஞானியும் மருத்துவரும் இருக்கிறார்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுகிற ஆளை மட்டும் காணவில்லை. கேட்டால், "ஸ்டார் ட்ரெக்கிலேயே அப்படித்தானே சார்?" என்கிறீர்கள்.

நியாயமான பதில்தான். உங்கள் கப்பல்களுக்கெல்லாம் தாய்க்கப்பல் அந்தத் தொடரின் என்டர்பிரைஸ். அதனால் அங்கிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறேன்.

ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டிய அதிகாரி. 1966-ல் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது அவர் மனதில் ஒரு தீர்மானம் இருந்தது: தொடரின் விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் கப்பலில் இருக்கிற ஒவ்வொருவரும் தேர்ச்சி பெற்ற விண்வெளி வீரர், விண்வெளி வீரர் என்றாலே அதிகாரி. அந்தக் காலத்தில் இது விசித்திரமான யோசனை ஆகாது. 1959-ல் நாசா தேர்ந்தெடுத்த மெர்க்குரி விண்வெளி வீரர்கள் 7 பேரும் படை அதிகாரிகள், சோதனை விமானிகள். பட்டப்படிப்புக்கு இணையான படிப்பும் 1,500 மணி நேரம் விமானம் ஓட்டிய அனுபவமும் இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியாது. சோவியத் பக்கமும் இதே கதைதான். 1961-ல் யூரி ககாரின் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சீனியர் லெஃப்டினன்ட் பதவியிலிருந்து நேராக மேஜர் ஆக்கப்பட்டார். நெசவாலைத் தொழிலாளியான வாலண்டினா தெரெஷ்கோவாவையும் விமானப்படையில் சேர்த்து அதிகாரியாக்கிய பிறகே 1963-ல் மேலே அனுப்பினார்கள்.

ஓரிருவர் உட்காரும் கலத்துக்கு இந்த ஏற்பாடு சரி. ராடன்பெரியின் என்டர்பிரைஸிலோ 430 பேர். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் குழாய் கசியும், துணி அழுக்காகும், சாமான் கணக்கில் இரண்டு பெட்டி குறையும், யாராவது ராத்திரி இரண்டு மணிக் காவலுக்கு எழுந்து போயாக வேண்டும். எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குகிறவர் யார் என்று நம் ஊரில் எப்போதோ கேட்டுவிட்டார்கள். ராடன்பெரியின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மேல், கீழ் இல்லாத எதிர்காலத்தைக் காட்ட ஆசைப்பட்டார். ஆனால் கீழே இருந்தவர்களை மேலே ஏற்றினாரா, திரையிலிருந்து இறக்கினாரா என்று பார்த்தால் இரண்டாவதுதான் நடந்தது.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். முதல் தொடரில் கப்பல் முழுக்க அறிவிப்பு செய்யும் முன் ஒரு ஊதல் சத்தம் கேட்கும். எங்கள் கப்பலில் அதை 'பைப்' என்போம். விரல்களுக்கு நடுவே ஊதலைப் பிடித்து, உள்ளங்கையை மடக்கியும் விரித்தும் சத்தத்தை ஏற்றி இறக்கி ஊதுவது பாய்மரக் காலத்திலிருந்து மாலுமியின் வித்தை. அதிகாரி ஊதுவதில்லை, அவருக்காக ஊதுவார்கள். ஸ்டார்ஃப்ளீட் அந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டது, ஊதுகிறவனை விட்டுவிட்டது. கொள்கையில் இல்லாதவர்கள் காட்சியில் எட்டிப் பார்க்கவும் செய்தார்கள். கேப்டன் கிர்க்கிடம் கையெழுத்துக்குப் பலகையை நீட்டி, காப்பி கொண்டுவந்து கொடுக்கும் யோமன் ஜானிஸ் ராண்டை எந்தக் கணக்கில் அதிகாரி என்பது?

சரி, வித்தியாசம்தான் என்ன? சம்பளம், சல்யூட், சாப்பாட்டு அறை எல்லாம் மேல்பூச்சு. அடியில் இருப்பவை இரண்டு வேறு வேறு ஒப்பந்தங்கள். ஆளெடுப்பில் சேருகிற மாலுமி ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, குறிப்பிட்ட வருடங்கள் அதையே செய்வதாக ஒப்புக்கொள்கிறார். டீசல் எஞ்சினோ, ரேடாரோ, அடுப்படியோ, ஆண்டுகள் போகப் போக அது அவர் கைக்கே பழகிவிடும். அதிகாரி வாங்குவது கமிஷன். இந்தியாவில் அது குடியரசுத் தலைவரின் பெயரில் வருகிறது. மீசை சரியாக முளைக்காத வயதில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ நாட்டின் அதிகாரத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டின் கடைசி எல்லை, இன்னொரு மனிதரைச் சாகக்கூடிய இடத்துக்கு 'போ' என்று அனுப்புவது.

இதை ஸ்டார் ட்ரெக்கே ஒருமுறை அப்பட்டமாகக் காட்டியது. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1994-ல் வந்த 'தைன் ஓன் செல்ஃப்' என்ற படலம். கப்பலின் ஆலோசகர் டியானா ட்ராய் கமாண்டர் பதவிக்கான தேர்வு எழுதுகிறார். போலிக் கப்பல், போலி விபத்து, எந்த வழியில் போனாலும் கப்பல் வெடிக்கிறது. இயந்திர நுணுக்கமெல்லாம் படித்துவிட்டு வந்து திரும்பத் திரும்பத் தோற்கிறார். கடைசியில்தான் பிடிபடுகிறது: கதிர்வீச்சு நிறைந்த குழாய்ப்பாதைக்குள் ஒருவரை அனுப்ப வேண்டும், அவர் திரும்ப மாட்டார். தலைமைப் பொறியாளர் லா ஃபோர்ஜின் போலி உருவத்துக்கு அந்த உத்தரவைக் கொடுத்த பிறகுதான் ட்ராய் தேறுகிறார். தேர்வில் பார்த்தது இயந்திர அறிவை அல்ல என்று அவருக்கு அப்போது புரிகிறது. அந்தப் போலிக் கப்பலிலும் உள்ளே போய்ச் சாகிறவர் ஓர் அதிகாரிதான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிஜக் கப்பலில் அந்தப் பாதைக்குள் தவழ்ந்து போவது பெரும்பாலும் எங்கள் ஆள்.

இந்த வெற்றிடத்தில் தற்செயலாக வந்து நின்றவர்தான் மைல்ஸ் ஓ'பிரையன். 1987-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் படலத்திலேயே அயர்லாந்து நடிகர் கோல்ம் மீனி தலைகாட்டுகிறார். அப்போது அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. பிறகு, ஆட்களை இடம் மாற்றி அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் அறையில் நிறுத்தினார்கள். காலரில் லெஃப்டினன்டுக்குரிய இரண்டு பொட்டு. துணைக் கேப்டன் ரைக்கரும் ஒருமுறை அவரை லெஃப்டினன்ட் என்றே கூப்பிட்டார். 1990-ல் வந்த 'ஃபேமிலி' படலத்தில்தான் அவர் சீஃப் பெட்டி ஆபீசர் என்று ஊர்ஜிதமானது. அந்தப் படலத்தில், கப்பலின் கிளிங்கான் இனத்து அதிகாரி வோர்ஃபின் வளர்ப்புத் தந்தை செர்கேய் ரோஷென்கோ மகனைப் பார்க்க வருகிறார். அவரும் ஓய்வு பெற்ற சீஃப், எஞ்சின்காரர். கப்பலின் வரைபடமெல்லாம் வீட்டில் வைத்திருப்பதாகப் பீற்றிக்கொண்டு, எஞ்சினைக் காட்டு காட்டு என்று எல்லோரையும் அரித்தெடுக்கிறார். மகனுக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கோ எங்கள் பழைய ஆட்கள் யாரையோ நேரில் பார்த்ததுபோல் இருந்தது.

1993-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடங்கியபோது ஓ'பிரையன் முதன்மைப் பாத்திரங்களில் ஒருவராகிவிட்டார். கார்டாசியர்கள் என்ற வேற்றினத்தார் கட்டி, பாழாக்கிவிட்டுப் போன விண்வெளி நிலையம் அது. ஸ்டார்ஃப்ளீட் கருவியோடு எதுவும் பொருந்தாது, தினமும் ஏதாவது ஒன்று கெடும். அதற்குள் படுத்தும் தவழ்ந்தும் நிலையத்தை ஓட்டுகிறவர் இவர். மனைவி, மகள், மாலையில் ஒரு பீர், மேலதிகாரியைப் பற்றி இரண்டு முணுமுணுப்பு. அதே நிலையத்தில் மதுக்கடைக்காரர் குவார்க்கின் தம்பி மகன் நோக், ஸ்டார்ஃப்ளீட் அகாடமிக்குப் போய், போரின் நடுவே என்சைன் என்ற கடைநிலை அதிகாரி ஆகிறான். ஓ'பிரையனின் கைக்குக் கீழே வேலை பழகிய பையன் பதவிக் கணக்கில் அவருக்கு மேலே போய்விடுகிறான். வெளியாட்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். கப்பலில் இது அன்றாடம்.

அந்த அன்றாடம் எப்படி நடக்கிறது என்று ஒன்று சொல்கிறேன். நான் இளம் மாலுமியாக இருந்த ஒரு கப்பலில், இயந்திர அறைக் காவலுக்குப் புதிதாக ஒரு சப்-லெஃப்டினன்ட் வந்தார். கெட்டிக்காரர். மானிகளை வரிசையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார், எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் சீஃப் மட்டும் ஒரு பம்பின் பக்கத்தில் நின்றுவிட்டார். பேரிங் உறையின் மேல் புறங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு, "சார், ஒரு நிமிஷம் இங்க கையை வெச்சுப் பாருங்க," என்றார். சப்-லெஃப்டினன்ட் வைத்த வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். மானி அப்போதும் ஒழுங்கான எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சீஃப் வேறு எதுவும் பேசவில்லை. "மாற்று பம்புக்குப் போயிடலாமா, சீஃப்?" என்று அவர் கேட்டார். "நீங்க சொன்னா மாத்திடலாம், சார்."

தெரிந்தவர் சீஃப், உத்தரவு கொடுத்தவர் சப்-லெஃப்டினன்ட். லாக் புத்தகத்தில் கையெழுத்து அவருடையது, தவறாகப் போயிருந்தால் விசாரணையில் நிற்கப் போகிறவரும் அவரே. நாங்கள் இளசுகள் பார்த்துக்கொண்டிருந்ததால் சீஃப் அவரைத் திருத்தவில்லை, கையை வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். அந்த 'சார்' என்ற சொல்லில் பணிவு கொஞ்சம், பாடம் நிறைய. இந்த நுட்பத்தை எழுத உங்களுக்கு வேற்றுக்கிரகம்கூட வேண்டாம், ஒரு பம்ப் போதும்.

ஸ்டார் ட்ரெக்கில் இரண்டு பக்கத்தையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துக் காட்டிய படலம் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1996-ல் வந்த 'தி ஷிப்'. எதிரிக் கப்பல் ஒன்று விழுந்து கிடக்கிறது. அதைக் கைப்பற்றிய, நிலையத் தலைவர் சிஸ்கோவின் குழுவை எதிரிகள் சுற்றி வளைக்கிறார்கள். குழுவில் முனீஸ் என்று ஒரு மாலுமி, ஓ'பிரையனிடம் வேலை பார்க்கிறவன், எந்நேரமும் அவரைக் கிண்டல் செய்கிறவன். எதிரி சுட்டதில் அவனுக்கு வயிற்றில் காயம். ரத்தம் நிற்க மாட்டேன் என்கிறது. 'சரியாகிவிடும்' என்று ஓ'பிரையன் அவனிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சாகப் போகிறவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறார் வோர்ஃப், இப்போது அந்த நிலையத்தின் அதிகாரி. இருவரும் கைகலக்கும் நிலைக்குப் போகிறார்கள். முனீஸ் செத்துப்போகிறான்.

படலத்தின் முடிவில் சிஸ்கோ தன் அறையில் இறந்த 5 பேரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறார். பிடித்த கப்பல் அந்த 5 உயிர்களுக்கு ஈடாகுமா என்ற கணக்கு அவர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்கை அவர் யாரிடமும் தள்ளிவிட முடியாது. ஓ'பிரையன் அந்தக் கணக்குப் பக்கமே போகவில்லை. சரக்கு அறையில் முனீஸின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிணத்தைத் தனியே விடக்கூடாது என்பது வோர்ஃபின் கிளிங்கான் இனத்து மரபு. சண்டை போட்ட அதே வோர்ஃப் அதைச் சொல்லிக்கொண்டு வந்து கூட உட்காருகிறார். அதிகாரிக்கு இறந்தவர் 5 பேர், சீஃபுக்கு இறந்தவன் ஒருவன். இதில் எது பெரிய துக்கம் என்று யாரும் தராசு பிடிக்க முடியாது. இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டையும் ஒருவர் தலையில் வைத்தால் அவர் உடைந்துபோவார். அதற்காகத்தான் கப்பலில் இந்தப் பிரிவு.

பிரிவு இருந்தால் அநியாயமும் இருக்கும், அதையும் மறைக்கத் தேவையில்லை. 1991-ல் வந்த 'தி டிரம்ஹெட்' படலத்தைப் பாருங்கள். சைமன் டார்ஸஸ் மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிற கீழ்நிலை வீரன். அகாடமியில் நான்கு வருடம் உட்கார்ந்திருக்கப் பொறுமையில்லை, உடனே விண்வெளிக்குப் போக வேண்டும் என்று ஆளெடுப்பில் சேர்ந்தவன். தாத்தா எதிரி இனமான ரோமுலன் என்பதை மறைத்து, வல்கன் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டான். சதி எதுவும் செய்யாதவனை அட்மிரல் ஒருவர் விசாரணை என்ற பெயரில் கூண்டில் ஏற்றிக் கிழிக்கிறார். கேப்டன் பிக்கார்ட் எதிர்த்து நின்று பேசுகிறார், பேச்சுக்காக அந்தப் படலம் கொண்டாடப்படுகிறது. டார்ஸஸின் வேலை பிழைத்ததா என்பதைக் கதை சொல்லவே இல்லை. அதே வருடம் வந்த ஆறாவது திரைப்படத்தில் சதிக்கு ஆயுதம் தூக்குகிறவர்கள் பர்க், சாம்னோ என்ற இரண்டு கீழ்நிலை ஆட்கள். அவர்கள் வாயைத் திறக்குமுன் கொன்றுபோடுகிறவர் ஓர் அதிகாரி.

'வாயேஜர்' தொடரில் 2000-ல் வந்த 'குட் ஷெப்பர்ட்' இன்னும் நேர்மையானது. கேமரா மேல்தளத்தில் கேப்டன் ஜேன்வேயிடம் தொடங்கிக் கீழே கீழே இறங்கி 15-வது தளத்துக்கு வருகிறது. அங்கே ஹேரன் என்றொருவன். பிரபஞ்சவியல் படித்தவன், மேற்படிப்புக்கு ஒரு வருட அனுபவம் வேண்டும் என்று வந்து மாட்டிக்கொண்டவன். படிப்பில் பெரும்பாலான அதிகாரிகளை விழுங்கிவிடுவான், ஆனால் இருப்பது அடித்தளத்தில். அவனைப் போன்ற மூவரைப் பயணம் தொடங்கிப் பல வருடம் கழித்துத்தான் கேப்டன் கவனிக்கிறார். எனக்கு இதில் ஒரு சந்தேகம்: ஜேன்வேக்கும் ஹேரனுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சீஃப் எங்கே போனார்? நடுவில் ஒரு நல்ல சீஃப் இருந்திருந்தால் முதல் மாதமே அவனை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்திருப்பார். 'லோயர் டெக்ஸ்' என்று, கீழ்த்தளம் என்றே பெயர் வைத்து 2020-ல் ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. ஆசையாகப் போய்ப் பார்த்தேன். அதிலும் நாயகர்கள் என்சைன்கள், அதாவது அதிகாரிகள். கீழ்த்தளத்துக்கும் கீழே ஆள் இருக்கிறது என்பது அங்கேயும் எட்டவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். 'பணமே ஒழிந்த 24-ஆம் நூற்றாண்டில் எதற்கு சார் இந்த மேல் கீழ்? நம் ஊரில் அனுபவித்தது போதாதா?'

போதும் என்றுதான் நானும் சொல்கிறேன். அதனால்தான் எதை ஒழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். தனிச் சாப்பாட்டு அறையை ஒழியுங்கள். என்டர்பிரைஸில் டென் ஃபார்வர்ட் என்ற பொது இடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிறார்கள், நல்ல காரியம். கீழே சேர்ந்தவர் கீழேயே கிடக்க வேண்டும் என்ற விதியை ஒழியுங்கள். காப்பி கொண்டுவந்த ஜானிஸ் ராண்ட், 1991-ல் வந்த அதே ஆறாவது படத்தில், முதல் தொடரின் சுலு கேப்டனாக இருக்கும் கப்பலில் அதிகாரியாக நிற்கிறார். மரியாதையைப் பதவியை வைத்து அளப்பதையும் ஒழியுங்கள். ஆனால் கையால் தெரிந்துகொண்டவருக்கும் உத்தரவுக்குப் பொறுப்பேற்பவருக்கும் உள்ள பிரிவை ஒழிக்காதீர்கள். அதை ஒழித்தால் வேலை ஒழியாது, வேலை செய்கிறவர் மட்டும் கண்ணில் படாமல் போவார். நம் ஊர் அனுபவமும் அதைத்தானே சொல்கிறது? நிஜ உலகமும் அந்தப் பிரிவை விடவில்லை. அமெரிக்கா 2019 டிசம்பரில் விண்வெளிப் படையைத் தனியாக அமைத்தது. மற்றப் படைகளைவிட அங்கே அதிகாரிகளின் விகிதம் மிக அதிகம். ஆனாலும் ஸ்பெஷலிஸ்ட், சார்ஜென்ட் என்று கீழ்நிலை வரிசையும் முழுசாக இருக்கிறது. அவர்கள் யாரும் இன்னும் வார்ப் வேகத்தில் போகவில்லை, திரை முன் உட்கார்ந்து செயற்கைக்கோளைக் கவனிக்கிறார்கள். அதற்கே இரண்டு வகை ஆட்களும் வேண்டியிருக்கிறது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். அடுத்த கதையில் கப்பல் கிளம்புமுன், அதில் யார் யார் எந்த நேரக் காவல் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதிப் பெயர்கள் உங்களிடம் இருக்காது, அந்தப் பெயர்களைத் தேடுவதிலேயே பாதிக் கதை கிடைத்துவிடும். கேப்டன் ஒரு முடிவெடுத்தால், அந்த முடிவு ஒரு மனிதக் கையைத் தொடும் இடம் வரை அதன் பின்னாலேயே போங்கள். ஒரு மாலுமியின் லீவு விண்ணப்பத்தை எழுதுங்கள்: தங்கை கல்யாணம், கப்பல் இருப்பது வியாழனுக்கு அப்பால், இளம் அதிகாரி அதைப் பரிந்துரைக்க வேண்டும், சீஃப் ஏற்கெனவே அவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டார். ஸ்டார் ட்ரெக் நூற்றுக்கணக்கான படலங்களில் எழுதாமல் விட்ட கதை இது. அதிகாரியைக் கோமாளியாகவும் மாலுமியைத் தியாகியாகவும் ஆக்காதீர்கள். நல்ல அதிகாரிகளின் கீழும் வேலை பார்த்திருக்கிறேன், சோம்பேறி சீஃப்களோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

'டீப் ஸ்பேஸ் நைன்' 1999-ல் முடிந்தபோது, ஓ'பிரையனுக்கு எழுத்தாளர்கள் கொடுத்த அடுத்த வேலை ஸ்டார்ஃப்ளீட் அகாடமியில் பொறியியல் பேராசிரியர் பதவி. அகாடமிப் படிக்கட்டு ஏறாமல் ஆளெடுப்பில் வந்தவர், வருங்கால அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறார். எல்லோரும் அதிகாரி என்று கொள்கை வைத்துத் தொடங்கிய ஒரு கற்பனை உலகம், 33 வருடம் கழித்து ஒரு சீஃபிடம் தன் அதிகாரிகளை ஒப்படைத்தது. உங்கள் கதையின் கேப்டனுக்கும் அப்படி ஒரு வாத்தியார் தேவை. முதலில் அவரை வேலைக்குச் சேருங்கள், பிறகு கப்பலைக் கிளப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு சீஃப்